கொழும்பில் பாதுகாப்பான வீதிக்கும் சைக்கிள் பாதைக்கும் மாநகர சபையிடம் நிதி கேட்பது எப்படி?

எங்கள் மாடிக் குடியிருப்பில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பின்னேர ரியூஷன் வகுப்புக்காக வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் சைக்கிளில் போய் வருவான். ஒருநாள் வீதியோரம் நிறுத்தியிருந்த வான் ஒன்றின் கதவு சட்டென்று திறக்க, அதில் மோதி நடுவீதியில் விழுந்தான். பின்னால் வந்த முச்சக்கரவண்டிச் சாரதி சரியான நேரத்தில் பிரேக் பிடித்ததால் கை எலும்பு முறிவோடு தப்பினான். இந்த நாட்டில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் வீதி விபத்தில் உயிரிழக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவன் சேராமல் போனதற்கு ஒரு மனிதரின் கவனம் மட்டுமே காரணம்.

அதன் பிறகு அயலவர் சிலர் சேர்ந்து எங்கள் பகுதிக்குப் பாதுகாப்பான சைக்கிள் பாதை கேட்டு எழுதத் தொடங்கினோம். ஓர் ஆண்டு முழுவதும் வீணானது. பிழையான அலுவலகத்துக்கு எழுதினோம், பிழையான மாதத்தில் எழுதினோம், பிழையான கேள்வியையும் கேட்டோம். இரண்டாம் ஆண்டில்தான் வழி பிடிபட்டது. நீங்கள் அந்த ஓர் ஆண்டை இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. அந்த வீதி யாருடையது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

கொழும்பு நகர எல்லைக்குள் ஓடும் வீதிகள் எல்லாம் மாநகர சபையின் பொறுப்பில் இல்லை. ஏ, பீ வகுப்புப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஏ2 என்று இலக்கமிடப்பட்ட காலி வீதி அப்படிப்பட்டது. அதிலிருந்து பிரிந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளும் குறுக்கு வீதிகளும் பெரும்பாலும் மாநகர சபையினுடையவை.

நாங்கள் சறுக்கியது இங்கேதான். கேட்டது ஒரு குறுக்கு வீதிக்கும் அது பிரதான வீதியைத் தொடும் சந்திக்கும். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதியதால், கடிதம் கிடைத்த அலுவலகம் "சந்தி எங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு வரி பதில் எழுதி முழுக் கோரிக்கையையும் மூடிவிட்டது. ஆகவே சந்திக்குத் தனிக் கடிதம், வீதிக்குத் தனிக் கடிதம் என்று பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் மற்றதன் பிரதி இணைக்கப்பட்டுள்ளது என்று குறிப்பிட்டால் போதும்.

மாநகர சபை நகரை நிர்வாக மாவட்டங்களாகப் பிரித்து வேலை செய்கிறது. உங்கள் பகுதியைப் பார்க்கும் மாவட்டப் பொறியியலாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், வீதியின் பெயரைச் சொல்லி, அது யாருடைய பொறுப்பு என்று கேளுங்கள். அரை நாள் வேலை, செலவு எதுவும் இல்லை. பொறியியல் பக்கத்தில் போக்குவரத்து வடிவமைப்பையும் வீதிப் பாதுகாப்பையும் கவனிக்கும் பிரிவு எது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கோரிக்கை கடைசியில் அவர்களுடைய மேசைக்குத்தான் போகும்.

2. அளவெடுங்கள், எண்ணுங்கள்

"எங்கள் வீதி ஆபத்தானது" என்ற வசனத்துக்கு எந்த அலுவலரும் பணம் ஒதுக்கமாட்டார். "இந்த 400 மீற்றரில், பாடசாலை விடும் ஒரு மணி நேரத்தில் இத்தனை சைக்கிள்கள், இத்தனை பிள்ளைகள், வீதியின் அகலம் இவ்வளவு" என்று எழுதினால் அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொன்னது செலவைப் பற்றி. பிறரைச் செலவழிக்கச் சொல்லும்போதும் அது பொருந்தும்.

வேண்டியவை 30 மீற்றர் அளவு நாடா ஒன்று, இரண்டு பேர், ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஒன்று. ஐம்பது மீற்றருக்கு ஒருமுறை வீதியின் அகலத்தை அளந்து எழுதுங்கள். மின்கம்பம், மரம், பஸ் தரிப்பிடம், முச்சக்கரவண்டித் தரிப்பிடம், வடிகால் மூடி ஆகியவை இருக்கும் இடங்களைக் கையால் வரைந்த படத்தில் குறியுங்கள்.

எண்ணுவதற்கு மூன்று வேலை நாட்கள் வேண்டும். காலை 6.45 முதல் 7.45 வரை, பிற்பகல் 1.15 முதல் 2.15 வரை. ரியூஷன் வகுப்புகள் உள்ள பகுதியானால் மாலையில் இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலை விடுமுறையிலும், போயா தினத்துக்கு முந்திய நாளிலும் எண்ணாதீர்கள். அந்த எண்ணிக்கையைக் காட்டியே உங்கள் கோப்பைத் தள்ளிவிடலாம். சைக்கிளில் பொருள் கொண்டுபோகும் தொழிலாளர்களையும் மீன் வியாபாரிகளையும் தனி நிரலில் எழுதுங்கள். "சைக்கிள் பொழுதுபோக்குத்தானே" என்று யாராவது கேட்கும்போது அந்த நிரல் பேசும்.

3. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள்

உங்கள் கையில் உள்ள கருவிகளில் மிக வலுவானது இதுதான், மிகவும் மலிவானதும் இதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இலங்கைப் பிரஜை எவரும் எந்தப் பொது அதிகார சபையிடமும் தகவல் கேட்கலாம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் வேண்டியதில்லை.

நான் மூன்று விண்ணப்பங்கள் அனுப்பினேன். உங்களுக்கும் இந்த மூன்றும் போதும்.

மாநகர சபைக்கு: நடப்பு ஆண்டில் எமது வட்டாரத்தில் வீதி, நடைபாதை, கோடு வரைதல், வேகத்தடை ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, அதில் இதுவரை செலவானது எவ்வளவு. இந்த வீதிக்கு அடுத்ததாகக் காபட் (புதிய தார்ப் படை) இடத் திட்டமிட்டுள்ள காலம் எது. கோடு வரைதலுக்குக் கடைசியாக வழங்கிய ஒப்பந்தத்தில் ஒரு சதுர மீற்றருக்கான விலை என்ன. வீதியோர வாகனத் தரிப்பிடத்துக்குக் கட்டண ஒப்பந்தம் இருந்தால் அது முடியும் திகதி எது.

பொலிஸுக்கு: இந்த வீதியில் கடந்த மூன்று ஆண்டுகளில் பதிவான விபத்துகள், திகதி, நேரம், சம்பந்தப்பட்ட வாகன வகை, காயத்தின் தன்மை. ஆட்களின் பெயர்களைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிட இடம் கொடுத்ததாகிவிடும்.

வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு: பிரதான வீதிச் சந்தியில் திட்டமிட்டுள்ள வேலைகள்.

காலக்கெடுவை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதென்றால் மேலும் 14 நாட்களுக்குள் தரவேண்டும். விரிவான தகவலானால் காரணம் சொல்லி மேலும் 21 நாட்கள் வரை எடுக்கலாம். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டை விசாரிப்பவர்) மேன்முறையீடு செய்யுங்கள். அவருக்கு மூன்று வாரம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். எல்லாப் படிகளும் ஏறி இறங்கினால் அரை ஆண்டு ஓடிவிடும் என்பதால் இதை ஆண்டின் தொடக்கத்திலேயே தொடங்குங்கள்.

செலவு மிகக் குறைவு. ஏ4 நிழற்பிரதியில் முதல் நான்கு பக்கங்கள் இலவசம், அதன்பின் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். ஆவணத்தை அலுவலகத்திலேயே பார்வையிடுவதற்கு முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 50 ரூபாய்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, பற்றுச்சீட்டு. நேரில் கொடுத்தால் விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூலப் பற்றுச்சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். ஓர் அலுவலகத்தில் "மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்று ஒருவர் சொன்னதை நம்பி வந்தேன். ஐந்து வாரம் கழித்து அப்படியொரு கடிதமே வரவில்லை என்றார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினால் தபாற் பற்றுச்சீட்டை ஆண்டு முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது, கேள்வியின் வடிவம். "ஏன் சைக்கிள் பாதை அமைக்கவில்லை?" என்பது தகவல் கோரிக்கை ஆகாது. ஆவணத்தில் இருக்கும் ஒன்றையே கேளுங்கள்: தொகை, திகதி, அறிக்கை, ஒப்பந்தம்.

4. கேட்பதைச் சிறிதாக்குங்கள்

நகரம் முழுவதற்கும் சைக்கிள் பாதை வலையமைப்பு வேண்டும் என்பதே என் ஆசை. ஆனாலும் முதல் கோரிக்கையில் அதை எழுதாதீர்கள். ஒரு வீதி, ஒரு நீளம், ஒரு பட்டியல். அதற்குள்ளும் எது சாத்தியம் என்பதை அகலம்தான் தீர்மானிக்கும்.

வீதி 6 மீற்றருக்குக் குறைவானால் தனிப் பாதைக்கு இடமே இல்லை. அங்கே வேகத்தைக் குறைக்கும்படி கேளுங்கள்: மணிக்கு 30 கிலோமீற்றர் அறிவித்தல், வேகத்தடை, உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனத்தின் மோதும் ஆற்றல் 30 கிலோமீற்றரில் வருவதைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு. சைக்கிளும் நடப்போரும் வாகனங்களோடு கலக்கும் வீதிகளில் 30ஐ உச்ச வேகமாக வைக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. ஒழுங்கையில் வாழும் பிள்ளைகளுக்குத் தனிப் பாதையைவிட இதுதான் முதலில் தேவை என்பது என் உறுதியான கருத்து.

வீதி 9 மீற்றருக்கு மேல் இருந்து, ஒருபக்கம் வாகனங்கள் நிறுத்தப்பட்டால் கணக்கு மாறுகிறது. நிறுத்தும் இடம் ஏறத்தாழ இரண்டரை மீற்றரை விழுங்குகிறது. அதை எடுத்தால் 2 மீற்றர் அகலமான ஒருவழிச் சைக்கிள் பாதையும், அரை மீற்றர் தடுப்பு இடைவெளியும் கிடைக்கும். அந்த இடைவெளியில் விளிம்புக் கல்லோ, மோதினால் வளைந்து நிமிரும் கம்பங்களோ கட்டாயம் வரவேண்டும். வெள்ளைக் கோடு மட்டும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோடு மட்டும் உள்ள சைக்கிள் பாதை ஒரே வாரத்தில் வாகனத் தரிப்பிடமாகிவிடும். நம் நகரில் காலி இடம் எதுவும் காலியாக இருப்பதில்லை.

வடிகால் மூடிகளை மறக்காதீர்கள். மூடியின் துவாரங்கள் போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் சைக்கிள் சக்கரம் அதற்குள் இறங்கிவிடும். குறுக்காக அமைந்த மூடிகளாக மாற்றவேண்டும் என்று பட்டியலில் தனி வரியாக எழுதுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதும் ஓரத்தில்தான். அந்த இடங்களைப் படம் எடுத்து இணையுங்கள்.

இன்னொரு சேதி, பணத்தைப் பற்றியது. வீதிக்குப் புதிதாகக் காபட் இடும்போது கோடுகளை எப்படியும் மறுபடி வரைவார்கள். அப்போது கோடுகளை வேறு இடத்தில் வரையச் சொல்வதற்குக் கூடுதல் செலவு மிகக் குறைவு. தகவல் விண்ணப்பத்தில் காபட் திகதியைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். அதேபோல், கட்டணத் தரிப்பிட ஒப்பந்தம் முடியும் தருணத்தில் கேட்டால் நட்டஈட்டுச் சிக்கல் எழாது.

5. கடிதமும் கோப்பும்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மாநகர ஆணையாளருக்கு முகவரியிட்டு, மாநகர முதல்வருக்கும் பொறியியல் பிரிவுக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி அனுப்புங்கள். நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

"மேற்படி வீதியில், இன்ன இலக்க வீட்டிலிருந்து இன்ன இலக்க வீடு வரையான 400 மீற்றருக்கு, கடற்பக்க ஓரமாக 2 மீற்றர் அகலமான, கம்பங்களால் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையும், இரண்டு உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவைகளும் அமைக்க, அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் மூலதனச் செலவில் நிதி ஒதுக்குமாறு கோருகிறோம். இதற்கான செலவு மதிப்பீட்டைத் தயாரிக்கப் பொறியியல் பிரிவைப் பணித்து, அதன் பிரதியை எமக்கு அனுப்புமாறும் வேண்டுகிறோம்."

கடைசி வசனம் முக்கியமானது. செலவை நீங்களே ஊகித்து எழுதாதீர்கள். பிழையான தொகை உங்கள் நம்பகத்தைக் கெடுக்கும். அவர்கள் மதிப்பீடு செய்யட்டும், நீங்கள் கேட்டு வாங்கிய அலகு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இணைக்க வேண்டியவை: அளவு வரைபடம், எண்ணிக்கை அட்டவணை, பொலிஸ் தந்த விபத்துப் பட்டியல், திகதியிட்ட ஆறு அல்லது எட்டு புகைப்படங்கள், கையொப்பத் தாள்கள், உங்கள் சோலை வரிப் (வீட்டுக்கு மாநகர சபை அறவிடும் வரி) பற்றுச்சீட்டின் பிரதி. வாடகை வீட்டில் இருப்போர் மின்கட்டணப் பட்டியலை வைக்கலாம். கிராம அலுவலரின் சான்றிதழ் வேண்டும் என்று சிலர் உங்களை அலைக்கழிக்கக் கூடும். இப்படியொரு கோரிக்கைக்கு அது தேவையில்லை.

தமிழிலேயே எழுதுங்கள். அரச அலுவலருக்குத் தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. அதேவேளை ஒரு பக்கச் சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக இதை எண்ண வேண்டாம். கோப்பு பல மேசைகளைத் தாண்டுகிறது, மொழிபெயர்ப்புக்காக அது ஒரு மாதம் காத்துக் கிடக்கக் கூடாது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்குப் பணம் கொடுக்க அவசியமில்லை. சிங்களம் நன்றாக எழுதும் அயலவர் ஒருவர் போதும்.

6. கையொப்பம் வாங்கும்போது

எங்கள் முதல் தாளில் 140 கையொப்பங்கள் இருந்தன, கிட்டத்தட்ட எல்லாமே தமிழ்ப் பெயர்கள். எங்கள் வீதியில் சிங்களவரும் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் அதே ஓரத்தில்தான் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நாங்கள் அவர்களுடைய கதவைத் தட்டவேயில்லை. இரண்டாம் முறை கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் ஆகிய நான்கிடமும் சென்று பேசினோம். பாடசாலைப் பெற்றோர் சங்கமும் கையொப்பமிட்டது. அந்தத் தாளுக்குக் கிடைத்த மதிப்பு வேறு.

அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள், மக்கள் தயங்குவார்கள். பெயர், வீட்டு இலக்கம், கையொப்பம் போதும்.

கடைக்காரர்களிடம் முதலில் போங்கள், கடைசியில் அல்ல. வாகனம் நிறுத்த இடம் போய்விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்களின் உண்மையான பயம். அதைத் தட்டிக்கழிக்காமல், அவர்கள் கடைமுன்னால் நிற்கும் வாகனங்கள் யாருடையவை என்று ஒரு நாள் சேர்ந்து எண்ணிப் பாருங்கள். எங்கள் வீதியில் காலையில் நிறுத்திவிட்டு மாலைவரை எடுக்காத வாகனங்களே பாதிக்கு மேல் இருந்தன, அவை வாடிக்கையாளருடையவை அல்ல. பொருள் இறக்கும் லொறிக்கு ஒரு மணி நேர ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை என்பதால் எங்கள் கடிதத்திலேயே சேர்த்தோம். முச்சக்கரவண்டிச் சங்கத்துக்கும் இதுவே பொருந்தும்: தரிப்பிடத்துக்கு மாற்று இடம் காட்டாமல் போகாதீர்கள்.

7. உறுப்பினர்களைச் சந்தியுங்கள்

2025 மே மாதத் தேர்தலில் தெரிவான கொழும்பு மாநகர சபையில் 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆகவே ஒரு கட்சிக்காரரிடம் மட்டும் போனால் உங்கள் சைக்கிள் பாதை அந்தக் கட்சியின் பாதையாகிவிடும். வட்டார உறுப்பினரோடு, கட்சிப் பட்டியல் மூலம் வந்த எதிரணி உறுப்பினர் இருவரையாவது சந்தியுங்கள். எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். உறுப்பினரை அழைத்து வந்து பாடசாலை விடும் நேரத்தில் வீதியில் பத்து நிமிடம் நிற்க வையுங்கள். நாங்கள் செய்த காரியங்களில் அதிகப் பயன் தந்தது இந்தப் பத்து நிமிடம்தான்.

"இந்த வெயிலில் யார் சைக்கிள் ஓட்டுவது?" என்று கேட்பார்கள். ஸ்பெயினின் செவில் நகரில் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். அந்நகர் 2006ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே நூறு கிலோமீற்றருக்கு மேல் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதை அமைத்தது, ஓட்டுவோர் பல மடங்கு பெருகினர். நம் ஊரிலேயே 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது எத்தனை பேர் சைக்கிளை வெளியே எடுத்தார்கள் என்பதையும் நினைவூட்டுங்கள். மறுபடி உள்ளே வைத்தவர்களிடம் காரணம் கேட்டுப் பார்த்தேன். "பயம்" என்றவர்களே அதிகம், வெயில் என்றவர்கள் மிகக் குறைவு.

8. எந்த மாதத்தில் என்ன செய்வது

மாநகர சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வருகிறது. நாங்கள் முதலில் கடிதம் கொடுத்தது நவம்பர் கடைசியில். அதற்குள் பிரிவுகளின் மதிப்பீடுகள் எல்லாம் எழுதி முடிந்துவிட்டன.

ஜனவரி முதல் மார்ச் வரை அளவெடுத்து எண்ணுங்கள், தகவல் விண்ணப்பங்களை அனுப்புங்கள். ஏப்ரலில் புத்தாண்டு, மேயில் வெசாக், இந்த இரண்டு மாதங்களிலும் கோப்புகள் மெதுவாகத்தான் நகரும். கையொப்ப வேலைக்கு அவை ஏற்றவை. ஜூலை முடிவதற்குள் முழுக் கோப்பும் மாநகர சபையில் இருக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டெம்பரில் மதிப்பீடு தயாரானதா என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கேளுங்கள். வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது நேரில் போய் உங்கள் கோரிக்கைக்கான ஒதுக்கீடு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கிடைப்பது சில நாட்களே, அறிவித்தலைத் தவறவிடாதீர்கள். அந்த ஒதுக்கீடு இல்லையென்றால் வாக்கெடுப்புக்கு முன் உறுப்பினர்கள் திருத்தமாக முன்வைக்க அப்போதும் வாய்ப்பு உண்டு.

எங்கள் குழுவுக்கு இரண்டு ஆண்டிலும் ஆன மொத்தச் செலவு 10,000 ரூபாய்க்குள். பெரும்பகுதி நிழற்பிரதிக்கும் பதிவுத் தபாலுக்கும் போனது.

9. நிதி ஒதுக்கிய பிறகு

ஒதுக்கப்பட்டது என்று தொலைபேசியில் சொன்னால் போதாது. தீர்மானம் பதிவான கூட்ட அறிக்கையின் பிரதியையும், வரவு செலவுத் திட்டத்தில் அந்த ஒதுக்கீடு உள்ள பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதல் கட்டமாகக் கடவையும் வேகத்தடையும் வந்துவிட்டன. சைக்கிள் பாதை மதிப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது, அதை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வேலையை ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள் செய்யும்படி எழுதிக் கேளுங்கள். மே மாதத்தில் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் ஈர வீதியில் பூசிய கோடு நிலைக்காது, கொழும்பில் ஒக்டோபர், நவம்பரிலும் மழை விடாது. வேலை தொடங்கும் அன்று உங்கள் வரைபடத்தோடும் அளவு நாடாவோடும் ஒருவர் அங்கே நிற்கட்டும். பாதையின் அகலம் 2 மீற்றரா, கம்பங்கள் வந்தனவா, வடிகால் மூடிகள் குறுக்காகப் போடப்பட்டனவா என்று பாருங்கள். குறை இருந்தால் அன்றைக்கே படம் எடுத்து, அன்றைக்கே கடிதம் கொடுங்கள். ஒப்பந்தக்காரருக்குக் கடைசிக் கொடுப்பனவு நடந்து முடிந்த பிறகு அதே குறையைத் திருத்துவதற்குப் புதிய ஒதுக்கீடு தேவைப்படும்.